படகுக்காகக் கட்டிய அணைக்கு யார் பொறுப்பு?

2024 டிசம்பர் 4 அன்று காலை ஏழரை மணிக்குச் சற்று முன்பு ஹைதராபாத்தில் பலர் தரை அசைவதை உணர்ந்தார்கள். முலுகு மாவட்டத்தின் மேடாரம் பகுதியை மையமாகக் கொண்டு 5.3 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் அது. ஹப்சிகுடாவில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். நகரத்துக்கு ஆபத்து உண்டா என்பதே அன்றைய கேள்வி. இல்லை என்று தெரிந்ததும் பேச்சு அடங்கியது.

ஆனால், நிலம் குலுங்கிய இடம் கோதாவரிப் பள்ளத்தாக்கு. 1969 ஏப்ரல் 13 அன்று பத்ராசலத்தை 5.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியதும் இதே பள்ளத்தாக்கில்தான். இதே ஆற்றில்தான் மணல் படுகைமீது கதவணைகளை வரிசையாகக் கட்டியிருக்கிறோம், இன்னும் கட்டவும் திட்டமிடுகிறோம். அந்தக் கட்டுமானங்கள் எதற்காக எழுந்தன, இப்போது எதற்காகப் பயன்படுகின்றன, இந்த மாற்றத்துக்குத் தகுந்தபடி அவற்றின் பாதுகாப்பு மறுபடி கணக்கிடப்பட்டதா என்று கேட்பதற்கு அந்தக் காலை நல்ல சந்தர்ப்பமாக இருந்தது. அன்று கேட்காததை இப்போதாவது கேட்க வேண்டும்.

இந்த வரிசையில் பழையது ஒன்று பத்ராசலத்துக்குச் சற்று மேலே, தும்முகூடத்தில் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே கிடக்கும் அந்தப் பழைய கல் அணைக்கட்டு, படகுகள் போய்வருவதற்காகக் கட்டப்பட்டது.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் இருந்த ஆர்தர் காட்டனைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்லணையைப் பார்த்து, மணல்மீது அணை நிற்கும் என்று கற்றுக்கொண்டு, 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியவர். 1852-இல் கோதாவரிக் கழிமுகத்தில் தவளேஸ்வரம் அணைக்கட்டை முடித்தார். பாசனத்தைப் போலவே படகுப் போக்குவரத்திலும் அவருக்குப் பெரும் பற்று உண்டு. ரயிலைவிட நீர்வழி மலிவு, ஏழை நாட்டுக்கு அதுவே பொருந்தும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். தவளேஸ்வரத்திலிருந்து புறப்பட்ட கால்வாய்கள் அதனால்தான் வயலுக்கு நீரும் படகுக்கு வழியும் தருவனவாக அமைந்தன. அவை கிருஷ்ணா கால்வாய்களோடும் பின்னர் பக்கிங்காம் கால்வாயோடும் இணைந்ததால், காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு சென்னையைத் தாண்டி மரக்காணம் வரை தண்ணீரிலேயே வர முடிந்தது.

அந்தக் கனவின் அடுத்த கட்டம் மேல் கோதாவரி. பேராரில் விளையும் பருத்தி வார்தா, பிராணஹிதா வழியாகக் கோதாவரிக்கு வந்து கடலை எட்ட வேண்டும். வழியில் தும்முகூடம், இஞ்சம்பள்ளி, தேவலமர்ரி ஆகிய மூன்று இடங்களில் பாறைகளும் நீர்ச்சுழிப்பும் படகைத் தடுத்தன. அந்த இடங்களில் அணை கட்டி நீரை உயர்த்தி, பக்கவாட்டில் கால்வாய் வெட்டி, லாக்குகள் வைத்துப் படகை ஏற்றி இறக்குவதே திட்டம். கேப்டன் ஹெய்க் பணிகளை நடத்தினார். 1860-இல் ஹைதராபாத் நிஜாமோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆற்றின் இடது கரைத் தாலுகாக்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின, ஆற்றுச் சரக்குக்கு வரி இல்லை என்றும் ஆயிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றதும், இந்தத் திட்டத்தின் மீது இங்கிலாந்தின் கண் முழுதாக விழுந்தது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1865-இல் போர் முடிந்து அமெரிக்கப் பஞ்சு திரும்பியது. 1867-இல் ரயில் நாக்பூரை எட்டிவிட்டது. பருத்தி பம்பாய்க்கு ரயிலில் போனது. 1871-இல் மேல் கோதாவரிப் படகுத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் தும்முகூடத்தில் அணையும் கால்வாயும் லாக்குகளும் எழுந்துவிட்டன.

திட்டத்தைக் கைவிட ஓர் உத்தரவு போதும். ஆற்றின் குறுக்கே போட்ட கல்லை அப்படிக் கைவிட முடியாது. ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு வெள்ளத்தையும் அது தாங்கியாக வேண்டியிருந்தது. இன்று அதே இடத்துக்கு வேறு வேலைகள் வந்திருக்கின்றன. சீதாராமா ஏற்றுநீர்ப் பாசனத் திட்டம் அங்கிருந்து நீர் எடுக்கிறது. பழைய அணைக்கட்டை ஒட்டியே 36 டிஎம்சிக்கு மேல் நீர் தேக்கவும் மின்சாரம் எடுக்கவும் சீதம்மா சாகர் என்ற கதவணை எழுகிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் பணி நடத்தக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2023-இல் அதைத் தடுத்தது. படகு மிதக்கும் அளவுக்கு நீரை உயர்த்தக் கட்டிய இடம், 150 ஆண்டுக்குப் பின் பெரும் தேக்கமாக மாறப்போகிறது.

இந்த மாற்றத்தின் கனத்தைப் புரிந்துகொள்ள, படகு அணையின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பக்ரா, மேட்டூர் போன்ற அணை, வெள்ள நீரைப் பிடித்துவைத்துக் கோடைக்குத் தருகிறது. படகு அணைக்கு அந்த வேலை இல்லை. அது ஆற்றைப் படிப்படியான குளங்களாக்கி, கோடையிலும் படகின் அடி தட்டாத ஆழத்தை நிறுத்துகிறது. வெள்ளம் வந்தால் கதவுகள் முழுக்கத் திறந்து ஆறு தன் போக்கில் போக வேண்டும். அணைக்கு மேலும் கீழும் நீர்மட்ட வித்தியாசம் சில மீட்டர்தான். அதனால்தான் அதைப் பாறை தேடிக் கட்ட வேண்டிய அவசியமில்லை. மணல்மீதே கட்டுகிறார்கள்.

ஆபத்து அந்த மணலுக்குள் இருக்கிறது. மேல்பக்க நீரின் அழுத்தம், அடித்தளத்துக்குக் கீழே மணல் வழியாகக் கசிந்து கீழ்பக்கம் வெளியேறப் பார்க்கும். கசிவு வேகமெடுத்தால் மணல் துகள்களையும் இழுத்துக்கொண்டு வரும். மேலே கட்டடம் அசையாமல் நிற்க, அடியில் பள்ளம் வளரும். 1898-இல் கங்கையில் நரோரா அணைக்கட்டு இடிந்தபோது பொறியாளர்கள் படித்த பாடம் இது. பிளை, பின்னர் பஞ்சாபில் ஏ.என்.கோஸ்லா ஆகியோர் இதற்கென்றே கணக்குமுறை வகுத்தார்கள். கோஸ்லாவின் முறைதான் 1930-களிலிருந்து நம் கதவணை வடிவமைப்புக்கு அடிப்படை. அந்தக் கணக்கில் முதல் எண், மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம். எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு காலம் நீர் நிற்கும் என்பது கட்டுமானத்தின் நோக்கத்தைப் பொறுத்தது. நோக்கத்தை மாற்றினால் மண்ணுக்குள் நடப்பதும் மாறும்.

மேடிகட்டாவில் நடந்தது இதுதான். கோதாவரியில் காளேஸ்வரம் ஏற்றுநீர்த் திட்டத்தின் அந்தக் கதவணை 2019 ஜூன் 21 அன்று திறக்கப்பட்டது. 85 கதவுகள், 16 டிஎம்சி கொள்ளளவு. 2023 அக்டோபர் 21 மாலை அதன் 7-ஆம் பகுதியில் தூண்கள் இறங்கி, மேலே சென்ற பாலம் வளைந்தது. திறந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் குழு பத்து நாளில் அளித்த அறிக்கை, அடித்தளத்துக்குக் கீழிருந்து மணல் வெளியேறியதைச் சொன்னது. திட்டமிடல், வடிவமைப்பு, கட்டுமானத் தரம், பராமரிப்பு ஆகிய எல்லா நிலைகளிலும் குறை கண்டது. பிறகு நீதிபதி பி.சி.கோஷ் ஆணையமும் விசாரித்தது. நீரைத் திருப்பிவிடுவதற்கு உரிய கட்டுமானத்தை, பம்புகளுக்கு நீர் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தேக்கமாகப் பயன்படுத்தியது தொடர்ந்து சுட்டிக்காட்டப்பட்டது. எந்தக் கட்சி கட்டியது, எந்தக் கட்சி விசாரித்தது என்பதிலேயே தெலங்கானாவின் விவாதம் நின்றுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கதவணையாக வடிவமைத்ததை அணையாக இயக்கலாம் என்று யார், எந்தக் கோப்பில், எந்தக் கணக்கை வைத்து முடிவெடுத்தார்கள்? அந்தக் கோப்பு இருந்தால் மக்கள் அதைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், அது விரிசலைவிடப் பெரிய செய்தி.

மேடிகட்டா, அன்னாரம், சுந்தில்லா ஆகிய மூன்று கதவணைகளின் அடிநிலத்தை ஆராய டெல்லி, புனே நிறுவனங்களோடு ஹப்சிகுடா நிறுவனமும் பரிந்துரைக்கப்பட்டது. 1961-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அணைகளோடு நீண்ட பழக்கம். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை அருகே 6.3 அளவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ 200 பேர் இறந்த பிறகு, தேக்கிய நீர் நிலநடுக்கத்தைத் தூண்டுமா என்ற கேள்வியை உலகில் மிக ஆழமாகத் துருவியவர்களில் ஹர்ஷ் குப்தா முதலான ஹப்சிகுடா விஞ்ஞானிகள் முன்னணியில் இருந்தார்கள். கொய்னா 103 மீட்டர் உயர அணை. தாழ்ந்த கதவணைகள் அப்படி நிலத்தைத் தூண்டும் என்று நான் அச்சமூட்டவில்லை. மணல்மீது நிற்கும் கட்டுமானத்துக்கு உள்ள கவலை வேறு. நீர் ஊறிய மணல் பலமாகக் குலுங்கினால் பிடிமானம் இழந்து சேறுபோல் இளகும். அடியில் ஏற்கெனவே மணல் அரிக்கப்பட்ட கதவணைக்கு அந்தச் சோதனை வந்தால் என்ன ஆகும் என்பதை மேடாரம் நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. காட்டன் 182 ஆண்டுகளுக்கு முன் கட்டியது அது. கீழ்பக்கம் ஆற்று மணலை அள்ளி அள்ளிப் படுகையை இறக்கியதே காரணம் என்று டெல்டா விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள், வயதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. படுகை இறங்கினால் நீர்மட்ட வித்தியாசம் கூடுகிறது. யாரும் கதவணையைத் தொடாமலேயே அதன் கணக்கு மாறிவிடுகிறது. பிறகு 387 கோடி ரூபாயில் புதிய கதவணை வந்தது. உடைந்த இரவு வரை அந்தப் பழைய கட்டுமானத்தின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று ஊருக்குச் சொல்ல ஒரு சான்றிதழும் இல்லை.

இதற்காகத்தானே சட்டம் வந்தது என்று கேட்கலாம். 2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். அது கதவணையையும் அணைக்கட்டையும் அணை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் சட்டத்தின் முழுக் கண்காணிப்பும் ‘குறிப்பிட்ட அணை’களுக்குத்தான். 15 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும், அல்லது 10 முதல் 15 மீட்டர் வரை உயரத்தோடு நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு போன்ற கூடுதல் தகுதிகளில் ஒன்றாவது வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்த பழைய அணைக்கட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தாலும் வெளியே நிற்கின்றன. படகுக் கால்வாயோ வரையறையிலேயே விலக்கப்பட்டிருக்கிறது. அணையோடு ஒட்டிய லாக்கு உள்ளே சேர்த்தியா வெளியே சேர்த்தியா என்று வழக்கறிஞர்கள்தான் வாதாட வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. சுதந்திரமான நிபுணர் குழு அணையை முழுமையாக மறு ஆய்வு செய்ய வேண்டிய சந்தர்ப்பங்களைச் சட்டம் சொல்கிறது. கட்டுமானமோ வடிவமைப்பு அளவுகோலோ பெரிய அளவில் மாறும்போது, வழக்கத்துக்கு மாறான நிலை தென்படும்போது, பெரும் வெள்ளமோ நிலநடுக்கமோ வரும்போது அந்த ஆய்வு கட்டாயம். பயன்பாடு மாறுவது இந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. ஒரு கல்லைக்கூட மாற்றாமல், கதவுகளை மூடிவைக்கும் மாதங்களை மட்டும் கூட்டி, படகு அணையைத் தேக்க அணையாக்கிவிட முடியும். சட்டத்தின் கண்ணில் அது படாது.

நோக்கம் மாறும் பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. பாசனத்துக்காக அணை கட்டிய ஆறுகளில் மறுபடி படகு விடப்போகிறோம். காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களோடு, கோதாவரியில் பத்ராசலம் முதல் ராஜமகேந்திரவரம் வரை 171 கிலோமீட்டரும், கிருஷ்ணாவில் வஜீராபாத் முதல் விஜயவாடா வரை 157 கிலோமீட்டரும் 2008-இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டன. போலவரம் திட்டத்திலும் படகுக்கான லாக்குகளும் சுரங்கமும் உண்டு. நீர்வழி வரட்டும். லாரியைவிட மலிவாகவும் குறைந்த புகையோடும் சரக்கு போகும். ஆனால் ஆற்றில் படகு இருந்தால், வெள்ளத்தில் அந்தப் படகு எங்கே இருக்கும் என்பது அணைப் பாதுகாப்பின் பகுதியாகிவிடுகிறது.

2024 செப்டம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணாவில் 11 லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் வந்தபோது, மேலே கட்டிவைத்திருந்த கனமான இரும்புப் படகுகள் அறுத்துக்கொண்டு வந்து விஜயவாடா பிரகாசம் கதவணையில் மோதின. 67, 69, 70 ஆகிய எண் கதவுகளின் எடைச்சமன் கட்டைகள் சேதமடைந்தன. கதவைத் தூக்கி இறக்க உதவும் பாகம் அது. வெள்ளத்தின் உச்சத்தில் கதவுகள் இயங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. சிக்கிய படகுகளை எடுக்க நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. லாக்குகளும் படகு அணைகளும் நிறைந்த அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றிலும் 2023 மார்ச்சில் அறுந்துபோன தெப்பங்கள் லூயிவில் நகரின் மெக்ஆல்பைன் அணையில் போய்ச் சிக்கின. ஒன்றில் 1,400 டன் மெத்தனால் இருந்தது. அங்கே அணையும் படகு வழியும் ஒரே பொறியாளர் படையின் கையில் இருப்பதால், யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கே அணை நீர்வளத்துறைக்கு, நீர்வழி மத்திய ஆணையத்துக்கு, படகு உரிமம் வேறொரு துறைக்கு. 2019 செப்டம்பர் 15 அன்று பாப்பிகொண்டலு போன சுற்றுலாப் படகு கச்சுலூரில் கவிழ்ந்து 50 பேர் வரை இறந்தபோது, கோதாவரியில் 5 லட்சம் கன அடி போய்க்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில் படகு புறப்பட்டிருக்கவே கூடாது.

படகுக்காகக் கதவணை கட்டிய நம் நாட்டின் மிகப் பெரிய அனுபவம் ஃபராக்கா. கொல்கத்தா துறைமுகத்துக்குக் கப்பல் வர வேண்டும், அதற்கு ஹூக்ளியின் வண்டலை அடித்துச்செல்ல வேண்டும், அதற்காகக் கங்கையிலிருந்து 38 கிலோமீட்டர் கால்வாயில் வினாடிக்கு 40,000 கன அடி நீரைத் திருப்ப வேண்டும் என்று 1975-இல் அது இயங்கத் தொடங்கியது. வங்கத்துப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா முன்கூட்டியே எச்சரித்தார், அதற்காகப் பழியும் சுமந்தார். துறைமுகத்தில் தூர் வாருவது நின்றபாடில்லை. மேல்பக்கம் வண்டல் படிந்து மால்டாவிலும், கீழ்பக்கம் முர்ஷிதாபாத்திலும் கரை இடிந்து ஊர் ஊராக ஆற்றுக்குள் போயின. பிகாரின் வெள்ளத்துக்கு ஃபராக்காவே காரணம், அதை அகற்றுங்கள் என்று நிதிஷ் குமார் கேட்டார். வங்கதேசத்தோடு செய்த 1996 கங்கை ஒப்பந்தம் 2026 டிசம்பர் வரைக்குமானது. கப்பலுக்காகக் கட்டிய ஒன்றை ஐம்பது ஆண்டாக நோக்கத்தின் தராசில் திரும்ப வைத்துப் பார்க்காமலே ஓட்டிவிட்டோம்.

சிறிய, தாழ்ந்த தடுப்புகள் என்பதால் அலட்சியம் கூடாது என்பதற்கு ஹைதராபாத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருகி 15,000 பேர் வரை மாண்டார்கள். பிறகு வந்து ஆராய்ந்த விஸ்வேஸ்வரய்யா, மூசியின் வடிநிலத்தில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்ததைக் கணக்கிட்டார். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய அணை அல்ல. ஒன்று உடைந்து அடுத்ததன் மேல் விழுந்தது. கோதாவரியில் கதவணைக்கு மேல் கதவணையாக அடுக்கும்போது, ஒவ்வொன்றின் உயரத்தைத் தனித்தனியே அளந்து சட்டத்துக்கு உள்ளே, வெளியே என்று பிரிப்பதில் எந்தப் பொருளும் இல்லை. ஆறு முழுவதையும் ஒரே தொடராகப் பார்த்து ஆய்வு செய்ய வேண்டும்.

ஆகவே கேட்பது அதிகமில்லை. அணையின் பயன்பாட்டை மாற்றும் எந்த உத்தரவும், அடித்தளக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்த சுதந்திர நிபுணர் அறிக்கை இல்லாமல் வெளிவரக் கூடாது. சட்டத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். தும்முகூடம் போன்ற பழைய அணைக்கட்டுகள் உயரம் பார்க்காமல் பதிவேட்டில் ஏற வேண்டும். சட்டம் வந்து ஐந்து ஆண்டுக்குள், அதாவது 2026 முடிவதற்குள், பழைய ‘குறிப்பிட்ட அணை’களுக்கும் அவசரகாலத் திட்டம் தயாராக வேண்டும் என்பது விதி. கோதாவரிக் கதவணைகளுக்கான திட்டத்தில் மேல்பக்கப் படகுகளை வெள்ளத்துக்கு முன் கரையேற்றும் பொறுப்பு ஒரே அதிகாரியின் பெயரில் எழுதப்பட வேண்டும்.

ஹப்சிகுடாவின் ஆய்வு முடிவுகள் அரசின் மேஜையோடு நிற்கவும் கூடாது. பத்ராசலத்தில் வெள்ளத்துக்கு 43, 48, 53 அடி என மூன்று எச்சரிக்கை நிலைகள் உண்டு. கரையோரக் குழந்தைக்கும் அந்த எண்கள் மனப்பாடம். 2022 ஜூலையில் ஆறு 71 அடியைத் தாண்டியபோது அந்த எண்களை நம்பித்தான் மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கதவணைகளுக்கும் அப்படி எண்கள் இருக்க முடியும். அடித்தளத்துக்குக் கீழே நீரழுத்தம் எவ்வளவு, எந்தத் தூண் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, கீழ்பக்கப் படுகை சென்ற ஆண்டைவிட எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கருவிகள் அளந்து சொல்லும். அந்த அளவுகள் ஏட்டூர்நாகாரத்திலும் மங்கப்பேட்டையிலும் பத்ராசலத்திலும், தெலுங்கிலும் கோயா மக்களுக்குப் புரியும் பேச்சிலும், ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் மே மாதத்திலேயே மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.